தரைக்கு அடியில் ஒரு கணப்பு

டென்மார்க்கின் தலைநகரான கோபன்கேகனில் டிசம்பர் மாதத்துப் பகற்பொழுது ஏறக்குறைய ஏழு மணித்தியாலமே. காலை எட்டரை மணிக்குப் பின்னர் எழும் சூரியன் பிற்பகல் மூன்றரை மணியளவில் மறைந்துவிடும். வெளிக்காற்றின் வெப்பநிலை உறைநிலையை ஒட்டியே நிற்கும். சில நாள்களில் அதற்குப் பத்துப் பாகை கீழேயும் இறங்கும். ஆயினும் புதிய தொடர்மாடி வீடுகள் பலவற்றினுள்ளே காலணியைக் கழற்றிவிட்டு வெறுங்காலுடன் நடக்கலாம். அங்கே அடுப்பு எரிவதில்லை, புகைபோக்கியும் இல்லை, சுவரோரத்தில் இரும்புக் கணப்பும் காணப்படுவதில்லை. காலின் கீழுள்ள தரையே மெல்லிய சூட்டை இடைவிடாது தந்துகொண்டிருக்கும்.

1980களின் நடுப்பகுதி தொடக்கம் இலங்கைத் தமிழர் ஆயிரக்கணக்கானோர் அந்நாட்டிற் சென்று குடியேறினர். வெயிலைத் தடுத்து வீட்டைத் தண்மையாக வைத்திருக்கும் வழிகளை அறிந்த மக்களுக்கு, வீட்டைச் சூடாக வைத்திருப்பது புதிதாகக் கற்க வேண்டிய கலையாயிற்று. அக்கலையிலே தவறுவோர் இருவகைத் துன்பத்துக்கு ஆளாவர். வெப்பத்தை மிகையாகத் திறந்துவிட்டவர் ஆண்டிறுதிக் கணக்கைக் கண்டு திகைப்பர். கட்டணத்துக்கு அஞ்சி அளவுக்கு மீறி அடைத்தவரின் வீட்டுச் சுவரிற் பூஞ்சணம் படரும். முதியோருக்கும் குழந்தைகளுக்கும் நோய் வரும். குளிர்காலத்தில் வீட்டினுள் 18 பாகைக்குக் குறையாத வெப்பநிலை இருத்தல் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதல். எனவே, தரைக்கணப்பைச் சரிவர ஆள்வது செல்வர் வீட்டு வசதி பற்றிய விடயம் அன்று. உடல்நலத்தையும் குடும்பச் செலவையும் பற்றியது.

முதலில் இந்த வெப்பம் எங்கிருந்து வருகிறது என்பதை அறிதல் வேண்டும். டேனிய மொழியில் இதற்கு வழங்கும் பெயரின் பொருள் ‘தொலைவெப்பம்’ என்பதாகும். நகரின் ஓரிடத்தில் நீரைச் சூடாக்கி, வீதிகளின் கீழே புதைத்த குழாய்களின் வழியாக வீடுதோறும் அனுப்புவர். சூட்டை இழந்த நீர் மற்றொரு குழாய் வழியாகத் திரும்பிச் சென்று மறுபடியும் சூடேறி வரும். குடிநீர் வேறு, இந்த நீர் வேறு. வெப்பத்தைச் சுமந்து வந்து இறக்கிவிட்டு வெறுங்கையுடன் திரும்பும் வண்டியைப் போன்றது இது.

இம்முறை அந்நாட்டிற் பழையது. கோபன்கேகன் நகரால் சூழப்பட்ட பிரெடரிக்ஸ்பேர்க் என்னும் நகராட்சியில் 1903ஆம் ஆண்டில் குப்பையை எரிக்கும் நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. எரியும் குப்பையின் சூடு வீணாகாமல் அயலிலிருந்த மருத்துவமனைக்குக் குழாய் வழியாக அனுப்பப்பட்டது. பின்னர் 1973ஆம் ஆண்டில் உலகை உலுக்கிய எண்ணெய் நெருக்கடி வந்தபோது, டென்மார்க் தன் எரிபொருள் தேவையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கிற்கு மேல் இறக்குமதி எண்ணெயையே நம்பியிருந்தது. அந்த அதிர்ச்சியின் விளைவாக 1979ஆம் ஆண்டில் வெப்ப வழங்கற் சட்டம் இயற்றப்பட்டது. மின்நிலையங்கள் கடலிலே கொட்டிவந்த சூட்டை நகரங்களுக்குத் திருப்பும் பணி நாடெங்கும் விரைவுபெற்றது. இன்று அந்நாட்டு வீடுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இந்தப் பொதுக்கணப்பிலேயே குளிர் காய்கின்றன. கோபன்கேகனில் 2017ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய குப்பை எரிநிலையம் ஒன்றின் கூரையிலே 2019ஆம் ஆண்டு முதல் மக்கள் பனிச்சறுக்கு விளையாடுகின்றனர். அதன் கீழே எரியும் குப்பை அவர்களுடைய வீடுகளுக்கு வெப்பம் அனுப்புகிறது.

தரையைச் சூடாக்கும் எண்ணமும் புதியதன்று. பண்டைய உரோமர் சிறு தூண்களின்மேல் தரையை அமைத்து, அதன் அடியிலே அடுப்பின் சூடான காற்றை ஓடவிட்டனர். கொரிய மக்கள் சமையலடுப்பின் புகையைக் கற்றரையின் கீழே செலுத்தி, அத்தரையின்மேல் உண்டும் உறங்கியும் வாழ்ந்தனர். ‘ஒண்டொல்’ எனப்படும் அவ்வழக்கத்தைத் தென்கொரிய அரசு 2018ஆம் ஆண்டில் தேசியப் பண்பாட்டு மரபாக அறிவித்தது. இன்றைய வீடுகளில் புகைக்குப் பதிலாக நீர் ஓடுகிறது. விரற்பருமனான பிளாஸ்டிக் குழாய்கள் வளைந்து வளைந்து தரையெங்கும் பரப்பப்பட்டு, அவற்றின்மேல் சீமெந்துச் சாந்து இடப்படுகிறது. சாந்தின்மேல் ஓடோ மரப்பலகையோ பதிக்கப்படும்.

இங்கே ஒரு முரண்பாடு எழுகிறது. வீதிக்குழாயில் வரும் நீர் பல இடங்களில் 60 முதல் 80 பாகை வரை சூடானது. தரையோ அத்தகைய சூட்டைத் தாங்காது. மக்கள் நடமாடும் தரையின் மேற்பரப்பு 29 பாகைக்கு மேற்படலாகாது என்பது ஐரோப்பிய நியமம். குளியலறைக்கு மாத்திரம் 33 பாகை வரை இடமுண்டு. மரத்தரையாயின் 27 பாகையளவிலேயே நிறுத்துவர். மிஞ்சினால் பலகை காய்ந்து இடைவெளி விடும். ஆகவே குழாயினுள் ஓடும் நீர் பெரும்பாலும் 30 பாகைக்கும் 40 பாகைக்கும் இடைப்பட்டதாய் இருத்தல் வேண்டும்.

இந்த முரண்பாட்டைத் தீர்ப்பது கலப்பு வால்வு. வெந்நீரையும் தண்ணீரையும் வாளியிலே கலந்து குளிப்பவர் செய்வதையே அதுவும் செய்கிறது. தரையிற் சுற்றித் திரும்பும் நீர் 30 பாகையில் இருக்கிறது எனவும், வீதியிலிருந்து வரும் நீர் 70 பாகையில் இருக்கிறது எனவும் கொள்வோம். திரும்பிய நீரில் நான்கு பங்கும் புதுநீரில் ஒரு பங்கும் கலந்தால் 38 பாகை நீர் கிடைக்கும். ஒரு சிறு பம்பி அதனை மீண்டும் தரைக்குள் தள்ளுகிறது. கலந்த அளவுக்கு ஈடாக, குளிர்ந்த நீர் ஒரு பங்கு வீதிக்குழாய்க்குத் திரும்பிவிடும். ஒருவேளை கலப்பு வால்வு பழுதுபட்டாலும் தரைக்குத் தீங்கு நேராவண்ணம், நீர் மிகச் சூடேறியவுடன் பம்பியை நிறுத்தும் காவற்கருவியும் பொருத்தப்படுவதுண்டு.

கலந்த நீர் ஒரு சிறு அலுமாரியினுள்ளே இருக்கும் பகிர்குழாய்க்குச் செல்கிறது. அங்கிருந்து அறைக்கு ஒன்றோ இரண்டோ சுற்றுகளாகக் குழாய்கள் பிரிகின்றன. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வால்வு உண்டு. அறையின் சுவரிலுள்ள சீராக்கி, காற்றின் வெப்பநிலையை உணர்ந்து அவ்வால்வைத் திறக்கவோ மூடவோ கட்டளையிடும். ஆகவே மூன்று இடங்களிலே அளவு செய்யப்படுகிறது: கலப்பு வால்வு நீரின் சூட்டை அளவு செய்கிறது, பகிர்குழாய் ஒவ்வொரு சுற்றுக்கும் செல்லும் நீரின் அளவைப் பிரிக்கிறது, சுவர்ச் சீராக்கி எவ்வளவு நேரம் நீர் ஓட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. குறை எங்கே நேர்ந்தது என அறியாமல் கைக்கு எட்டியதைத் திருகுவோர் ஒரு குறையை இரண்டாக்கி விடுவர்.

தரைக்கணப்பின் இயல்பை அறிவதற்கு அதன் எடையை எண்ணிப் பார்த்தல் போதும். ஆறு சென்ரிமீற்றர் தடிப்புள்ள சீமெந்துச் சாந்து, ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 120 கிலோகிராம் நிறையுடையது. இருபத்தைந்து சதுர மீற்றர் அறையொன்றின் காலடியில் மூன்று தொன் சாந்து கிடக்கிறது. அத்தனையும் சூடேறிய பின்னரே அறை சூடேறும். அத்தனையும் ஆறிய பின்னரே அறை ஆறும். இரும்புக் கணப்பு கால் மணி நேரத்திற் காட்டும் மாற்றத்தைத் தரை காட்டுவதற்குப் பல மணித்தியாலங்கள் செல்லும்.

இதனை அறியாத வீட்டில் நடப்பது இதுவே. காலையில் எழுந்தவர் குளிர்கிறது என்று சீராக்கியை 21 பாகையிலிருந்து 26 பாகைக்குத் திருப்புவார். ஒரு மணி நேரம் பொறுத்தும் சூடு வராது. 28 பாகைக்கு ஏற்றிவிட்டு வேலைக்குச் செல்வார். சீராக்கியை உயர ஏற்றினால் நீர் விரைந்து சூடாகும் என்பது அவர் எண்ணம். உண்மையில் 22 பாகைக்கு வைத்தாலும் 28 பாகைக்கு வைத்தாலும் வால்வு திறந்தே இருக்கும். ஓடும் நீரின் சூடும் ஒன்றே. வேறுபாடு எப்போது மூடும் என்பதில் மாத்திரமே உண்டு. மாலையில் திரும்பும்போது வீடு புழுங்கும். சீராக்கியை இறக்கிவிட்டுச் சாளரத்தைத் திறப்பார். தரையோ தான் சேமித்த சூட்டை நள்ளிரவு வரை விடாது. அது முழுவதும் சாளரத்தின் வழியே வீதிக்குப் போகும். மறுநாட் காலையில் தரை ஆறிக்கிடக்க, பழைய கதை மீண்டும் தொடங்கும். இரவிலே குறைத்துப் பகலிலே கூட்டும் வழக்கம் சிக்கனம் என்று கருதப்படுவதுண்டு. இலேசான கட்டிடத்துக்கும் விரைவான கணப்புக்கும் அது பொருந்தலாம். நன்கு காப்பிட்ட சுவரும் தடித்த சீமெந்துத் தரையும் உள்ள வீட்டில் அதனால் வரும் ஆதாயம் சொற்பமே.

எனவே முதல் விதி, சிறிதாய் மாற்றிப் பொறுத்திருத்தல். ஒரு நாளில் ஒரு பாகைக்கு மேல் மாற்றுதல் ஆகாது. மாற்றிய பின்னர் ஒரு முழு நாள் சென்ற பின்னரே பயனை மதிப்பிடல் வேண்டும்.

இரண்டாம் விதி, காலை நம்பாமல் வெப்பமானியை நம்புதல். ஒரே வெப்பநிலையிலுள்ள ஓட்டுத்தரையும் மரத்தரையும் காலுக்கு ஒன்றாய்த் தோன்றுவதில்லை. ஓடு காலின் சூட்டை விரைந்து கவர்வதால் 24 பாகையிலும் தண்ணென்றிருக்கும். மரம் அவ்வாறு கவராமையால் இதமாய்த் தோன்றும். மனித பாதத்தின் சூடு பெரும்பாலும் 30 பாகையை அண்மித்திருக்கும். ஆகையால் மிகச் சரியாக இயங்கும் தரை, தொட்டால் சுடுவதில்லை; பல வேளைகளில் சூடென்றே தெரிவதுமில்லை. தரை சுடவில்லையே எனக் கவன்று நீரின் சூட்டை ஏற்றுவோர் பலர். ஒரு சாதாரண வெப்பமானியை அறையின் உட்சுவரில், வெயில் படாத இடத்தில், நெஞ்சளவு உயரத்தில் தொங்கவிட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும்.

தாழ்ந்த சூட்டுக்கு மற்றொரு பெருமையும் உண்டு. தரை 25 பாகையிலும் அறை 21 பாகையிலும் இருக்கும்போது இரண்டுக்குமுள்ள வேறுபாடு 4 பாகை. சாளரத்தின் வழியே வெயில் புகுந்தோ, விருந்தினர் பலர் கூடியோ அறை 22 பாகைக்கு ஏறினால், வேறுபாடு 3 பாகையாகிவிடும். தரை தரும் வெப்பமும் கால் பங்கு தானாகவே குறைந்துவிடும். எந்தக் கருவியின் உதவியுமின்றித் தரை தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும் தன்மை இது. தரையை மிகச் சூடாக்கினால் இத்தன்மை மங்கிவிடும்.

மூன்றாம் விதி, குறையின் இடத்தைத் தேடி அறிதல். எல்லா அறைகளும் இதமாயிருக்க ஓர் அறை மட்டும் குளிர்ந்தால், முழு வீட்டுக்குமான நீரின் சூட்டை ஏற்றுவது தவறு. அவ்வறையின் சுற்றிலே காற்று அடைபட்டிருக்கலாம், வால்வு ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது நீர்ப்பங்கீடு சமமின்றி இருக்கலாம். நீர் எப்போதும் எளிய வழியையே நாடும். குறுகிய சுற்று நீரைப் பெரிதும் இழுத்துக்கொள்ள, நீண்ட சுற்று வறண்டு நிற்கும். வாய்க்காலின் தலைமடையை அகலத் திறந்தால் கடைமடை காய்வது போன்றதே இது. அதனாற் குறுகிய சுற்றின் வால்வைச் சற்று நெருக்கி, நீண்டதற்கு வழிவிடுவர். இவ்வேலையைத் தொழில் அறிந்தவரிடமே விடுதல் நன்று. மாறாக, எல்லா அறைகளும் ஒருசேரக் குளிர்ந்தால், அதுவும் கடுங்குளிர் நாள்களில் மாத்திரம் குளிர்ந்தால், அப்போது கலப்பு நீரின் சூட்டை இரண்டு பாகை ஏற்றி ஒரு நாள் பார்க்கலாம். வெளிக்குளிரை உணர்ந்து இதனைத் தானே செய்யும் கருவி உள்ள வீடுகளில் அவ்வேலையும் வேண்டியதில்லை.

இவை ஒரு வீட்டினுள் அடங்கும் விதிகள். நான்காம் விதி வீட்டுக்கு வெளியேயும் செல்வது. திரும்பும் நீர் குளிர்ந்து திரும்புதல் வேண்டும் என்பதே அது.

வாயிலிலுள்ள அளவுமானி, புகுந்த நீரின் அளவையும், புகும்போதும் வெளியேறும்போதும் அதற்குள்ள சூட்டையும் கணக்கிட்டு, வீடு எடுத்துக்கொண்ட வெப்பத்தைக் காட்டுகிறது. ஆயிரம் இலீற்றர் நீர் 70 பாகையிற் புகுந்து 30 பாகையில் திரும்பினால், ஏறக்குறைய 46 கிலோவாற்று மணி வெப்பத்தை அது இறக்கிச் சென்றதாகும். அதே நீர் 50 பாகையில் திரும்பினால் இறக்கியது அதிற் பாதியே. அதே இதத்தைப் பெறுவதற்கு இரண்டாயிரம் இலீற்றர் நீர் வர வேண்டும். வீதிக்குழாய் இரட்டிப்புச் சுமையைத் தாங்க வேண்டும். பம்பி மிகையாக உழைக்க வேண்டும். திரும்பும் வழியெல்லாம் சூடு மண்ணுக்குப் போகும். டென்மார்க்கின் வெப்ப நிலையங்கள் பல, நீரைக் குளிரவைத்துத் திருப்பும் வீடுகளுக்குக் கட்டணத்திற் சலுகையளித்து, சூட்டுடன் திருப்பும் வீடுகளிடம் மேலதிகக் கட்டணம் அறவிடுவது இதனாலேயே.

தரைக்கணப்பு இவ்வகையிற் சிறந்த குடிமகனைப் போன்றது. நன்கு ஒழுங்கு செய்யப்பட்ட தரையிலிருந்து நீர் 30 பாகையளவிலேயே திரும்பும். தரைக்கணப்பு மாத்திரம் உள்ள வீட்டின் அளவுமானியில், திரும்பும் நீரின் சூடு குளிர்காலம் முழுவதும் 40 பாகைக்கு மேற்பட்டுக் காணப்படுமாயின் ஏதோ பழுது உண்டு எனக் கொள்ளலாம். வாரத்திற்கு ஒருமுறை அவ்விலக்கத்தைக் குறித்துவைப்பவர், ஆண்டிறுதிக் கணக்கு வருமுன்னரே பழுதைக் கண்டுகொள்வார். நாட்டுக்கும் இதனாற் பயனுண்டு. எஸ்பியேர்க் துறைமுக நகரில் நிலக்கரி மின்நிலையம் 2024ஆம் ஆண்டில் மூடப்பட்டு, கடல்நீரிலிருந்து வெப்பத்தை எடுக்கும் பெரிய பம்பிகள் நகருக்கு வெப்பம் வழங்கத் தொடங்கின. அத்தகைய பம்பிகள், நீரின் சூடு தாழ்ந்திருக்குமளவுக்குக் குறைந்த மின்சாரத்துடன் இயங்கும்.

தொடர்மாடி வீட்டிலே அயலாரைப் பற்றியும் எண்ணுதல் தகும். நடுவிலுள்ள வீட்டார் கணப்பை முற்றாக அடைத்துவிட்டாலும் அவர்கள் வீடு உறைந்துவிடுவதில்லை. மேலும் கீழும் பக்கத்திலும் உள்ளவர்களின் வெப்பம் சுவர் வழியே வந்து அவர்களைக் காக்கும். அதற்கான கட்டணத்தை அயலாரே செலுத்துவர். கீழ்வீட்டில் ஓய்வூதியத்துடன் தனித்து வாழும் முதியவர் அத்தகைய அயலாராய் இருத்தல் கூடும். அன்றியும், ஓர் அறையை அடைத்து மற்றோர் அறையை மிகச் சூடாக்கினால், சூடான அறையின் ஈரக்காற்று குளிர்ந்த அறையின் சுவரிலே நீராய்ப் படியும். பூஞ்சணம் அங்கேதான் முதலில் தோன்றும். ஆதலின் எல்லா அறைகளையும் ஏறக்குறைய ஒரே அளவில், 20 அல்லது 21 பாகையில் வைத்து, நாளுக்கு இருமுறை சாளரங்களைச் சில நிமிடம் அகலத் திறந்து காற்றை மாற்றுவதே சிறந்தது. அவ்வாறு சிறிது நேரம் திறப்பதாற் காற்று மாறும். தரையின் சூடு மாறாது.

உக்ரேன் போர் தொடங்கிய பின்னர் 2022ஆம் ஆண்டில் ஐரோப்பாவெங்கும் எரிபொருள் விலை ஏறியபோது, டென்மார்க் அரசு பொதுக் கட்டிடங்களின் வெப்பநிலையை 19 பாகைக்குக் குறைத்தது. ஒரு பாகை குறைந்தால் வெப்பச் செலவில் ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து பங்கு குறையும் என்பது பொதுவான கணிப்பு. உடல்நலமுடையோர் தம் வீட்டில் ஒரு பாகையைக் குறைத்துக்கொள்ளலாம். முதியோரும் கைக்குழந்தையும் உள்ள வீட்டில் அக்குறைப்புக்கு முன்னர் செய்ய வேண்டியவை வேறு உள்ளன: சூட்டுடன் திரும்பும் நீரைத் தடுத்தல், ஒட்டிய வால்வை விடுவித்தல், காலையில் ஏற்றி மாலையில் இறக்கும் வழக்கத்தைக் கைவிடுதல். இவை மூன்றினாலும் மிச்சமாகும் வெப்பத்துக்காக எவரும் குளிரிலே நடுங்க வேண்டியதில்லை.